உங்கள் கிளினிக் கொப்பி எங்கே?



எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கிறார். வயது 41. மாமியாரை மாதா மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது அவருடைய பொறுப்பு. மாமிக்குச் சீனியும் உண்டு, பிரஷரும் உண்டு. சுபஹுத் தொழுத கையோடு புறப்பட்டு, இலக்கம் எடுத்து, வாங்கில் மாமியை இருத்திவிட்டு, தான் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார். அப்படி ஒரு நாள் நின்றபோது தலை சுற்றி, பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார். தாதி மிஸ் கண்டுவிட்டு, "வாங்க, உங்களுக்கும் ஒருக்காப் பார்ப்போம்" என்று விரலில் குத்திப் பார்த்தார். 312.

அந்த வீட்டு அலுமாரியில் ஒரு லாச்சி இருக்கிறது. மாமியின் கிளினிக் கொப்பி, கணவரின் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டுகள், மூன்று பிள்ளைகளின் ஊசிக் கார்டுகள் எல்லாம் தனித்தனிப் பைகளில் கட்டி, பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மகனுக்கு எப்போது எந்த ஊசி போட்டது என்று கேட்டால் பார்க்காமலே சொல்வார். அவருடைய சொந்தப் பெயரில் அந்த லாச்சியில் இருந்தது ஒரேயொரு கார்டுதான். கடைசிப் பிள்ளை வயிற்றிலிருந்தபோது தந்த கர்ப்பிணிக் கார்டு. அதற்கும் 11 வருடமாகிறது. அதை எடுத்துப் பார்த்தால், ஏழாம் மாதத்தில் "சீனி கொஞ்சம் கூட" என்று எழுதியிருக்கிறது. பிள்ளை பிறந்ததும் அதை எல்லோருமே மறந்துவிட்டார்கள். அவரும்தான்.

"நான் ஒரு நாள் சரி சும்மா குந்தினேனா? எனக்கு எப்படி இந்த வருத்தம் வந்த?" என்று என்னிடம் கேட்டார். கண் கலங்கியிருந்தது. இந்தக் கேள்வியை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆகவே இந்த மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். களைப்பு வேறு, தேகப் பயிற்சி வேறு. அடுப்படியில் ஐந்து மணித்தியாலம் நின்றால் கால் வீங்கும், இடுப்பு நோகும், எரிச்சல் வரும். ஆனால் இதயம் வேகமாக அடித்து, மூச்சு கொஞ்சம் வாங்கி, தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துச் செலவழிக்கும் வேலை அங்கே பெரிதாக நடப்பதில்லை. நம்மில் பலர் நாள் முழுக்கக் களைத்துப் போகிறோம், ஆனால் உடம்பு நன்றாக அசைந்து வேலை செய்வதே இல்லை. 2008-இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி, இலங்கையில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அது தமக்கு இருப்பதையே அறியாதிருந்தார்கள். அதற்குப் பிறகு இந்த நிலைமை குறைந்ததாக எவரும் சொல்லவில்லை.

கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த சகோதரிகள் இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும். ஆனால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். வருடத்துக்கு ஒரு முறையாவது வெறும் வயிற்றில் இரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். 100-க்குக் கீழே என்றால் நிம்மதி. 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. 126-உம் அதற்கு மேலும் என்றால் உடனே டொக்டரிடம் போக வேண்டும்.

தேத்தண்ணிக் கணக்கு

அந்தச் சகோதரியின் ஒரு நாளை இருவரும் உட்கார்ந்து கடதாசியில் எழுதிப் பார்த்தோம். விடிய நாலரைக்கு எழும்புகிறார். எழும்பியதும் ஒரு பிளேன்டீ. பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிய பிறகு இன்னொன்று. காலைச் சாப்பாடு என்று தனியாக ஒன்றுமில்லை. பத்தரை மணிக்குப் பிள்ளைகள் மீதம் வைத்த பாணோ பிட்டோ. "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வது. அயலவர் வந்தால் ஒரு தேத்தண்ணி, அஸருக்குப் பிறகு ஒன்று, இரவு கணவர் கடை மூடி வந்ததும் அவரோடு ஒன்று. ஐந்து கோப்பை. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. அதுவும் தட்டையான கரண்டியல்ல, நம் வீடுகளின் குவித்த கரண்டி. குறைத்துக் கணக்குப் பார்த்தாலும் நாளொன்றுக்கு 50 கிராம் சீனி தேத்தண்ணியில் மட்டும் போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகக் கூடியது என்று சொல்வதே ஏறக்குறைய இந்த 50 கிராம்தான். 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. அப்படியானால் பிஸ்கட்டுக்கும் வட்டிலப்பத்துக்கும் கணக்கில் இடமேது?

ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தினால் தலையிடிக்கும், ஆத்திரம் வரும், மூன்றாம் நாள் பழையபடி தொடங்கிவிடுவீர்கள். கரண்டியைச் சிறிதாக்குங்கள். இரண்டு வாரம் ஒன்றரைக் கரண்டி, பிறகு ஒன்று, பிறகு அரை. நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதன் பிறகு பழைய தேத்தண்ணியைக் குடித்தால் உங்களுக்கே பாணி மாதிரி இருக்கும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பாதகமில்லை என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சுண்டு. தவறு. கருப்பட்டியும் பெரும்பகுதி சீனிதான். மணமும் நிறமும் வேறு, இரத்தத்தில் செய்யும் வேலை ஒன்றே.

உப்பும் அப்படியே. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள். சம்பலில் மாசி, கறியில் சூப் கட்டி, பக்கத்தில் கருவாடு, ஊறுகாய் என்று போனால் பகல் சாப்பாட்டோடு அந்தக் கரண்டி முடிந்துவிடும். சூப் கட்டியை மட்டுமாவது வீட்டிலிருந்து அனுப்பிவிடுங்கள். நம் உம்மாமார் அது இல்லாமல்தான் ருசியாகச் சமைத்தார்கள்.

வல்லாரைச் சம்பலும், கோவை இலைச் சுண்டலும், முகுணுவென்னவும் நம் சந்தைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கோவை இலை இரத்தச் சீனியைக் குறைக்க உதவுகிறது என்பதை நம் நாட்டு ஆய்வாளர்களே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் இலை சாப்பிடுகிறேன் என்று சொல்லி டொக்டர் தந்த குளிசையை நிறுத்திவிடாதீர்கள். இப்படி நிறுத்திவிட்டுக் காலில் புண்ணோடு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடை மூடும் நேரமும் தூக்கமும்

கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் நம் வீடுகளில் பெரும்பாலும் வியாபாரம். கடை எட்டு மணிக்கு மூடினாலும் கணக்குப் பார்த்து, பஸ் பிடித்து, வீடு வர ஒன்பதரை. அதன் பிறகு சோறு. கணவர் வரும் வரை மனைவி சாப்பிடாமல் காத்திருப்பது. பிறகு சட்டி பானை கழுவி, நாளைக்கு உடுப்புத் தேய்த்து, படுக்கப் பன்னிரண்டு. எழும்புவது நாலரை. இடையில் சின்னது ஒரு தரம் எழுப்பும். எல்லாம் கழிந்து நாலு மணித்தியாலத் தூக்கம்.

வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணித்தியாலம் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் இனிப்பிலும் மாவிலும் ஆசை கூடும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பிரஷர் ஏறும். சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளுக்கு அடி விழும். "எனக்கு இப்ப கோபம் கூடிப் போச்சு" என்று சொல்லும் சகோதரிகளிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?" என்றுதான்.

காத்திருந்து சாப்பிடுவதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரவு பத்து மணிச் சோறு உடம்புக்கு நல்லதல்ல என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளோடு நீங்களும் சாப்பிட்டுவிடுங்கள். கணவர் வந்ததும் அவருக்குப் பரிமாறிக்கொண்டு, சீனி போடாத தேத்தண்ணியோடு பக்கத்தில் இருங்கள். கதைப்பதற்குத்தானே காத்திருந்தீர்கள்? அதற்கு நீங்கள் பசியோடு இருக்கத் தேவையில்லை. மாமி இதற்கு என்ன சொல்வாரோ என்று பயந்தால், முதலில் கணவரிடம் சொல்லி, அவர் வாயால் மாமியிடம் சொல்ல வையுங்கள். (இந்தப் பக்கத்தை வாசிக்கும் கணவன்மார் சிலரும் இருக்கிறார்கள் என்று அறிகிறேன். அரை மணித்தியாலம் முந்திக் கடையை மூடினால் எவ்வளவு நட்டம் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். பிறகு ஒரு மாத மருந்துச் செலவையும் பக்கத்தில் எழுதுங்கள்.)

லுஹருக்குப் பிறகு கைலூலா என்று சற்றுச் சாய்ந்துகொள்ளும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. இருபது, முப்பது நிமிடம் போதும். ஒரு மணித்தியாலம் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும். அந்த இருபது நிமிடத்தையும் இப்போது கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது. அதை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள்.

நடக்க எங்கே போவது?

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்று உலகம் முழுக்க டொக்டர்மார் சொல்கிறார்கள். அதாவது நாளுக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள். கதைக்க முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவு வேகம். இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "எங்க சேர் நடக்கிற?" என்பது.

நகருக்குக் கிட்ட இருப்பவர்களுக்குக் கண்டி வாவி இருக்கிறது. 1807-இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னன் வயல் நிலத்தை மறித்துக் கட்டியது. சுற்றி வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. நல்ல மர நிழல். அதிகாலையில் எல்லாச் சமூகத்துப் பெண்களும் அங்கே நடக்கிறார்கள், அபாயா அணிந்த நம் சகோதரிகளும் நடக்கிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நேரம் முக்கியம். கண்டி மலைகளுக்கு நடுவே சட்டிபோல அமைந்த ஊர். பஸ் புகை எழும்பிப் போக வழியில்லாமல் அடியிலேயே தங்கிவிடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒலிவர் இலெப்பெரும இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து எச்சரித்து வந்தவர். ஸ்கூல் வேன்கள் வரிசை கட்டும் ஏழு மணிக்கு வாவியைச் சுற்றினால் நன்மையில் பாதி புகையோடு போய்விடும். ஆறரைக்கு முன் முடித்துவிட வேண்டும்.

விடுமுறை நாளில் பிள்ளைகளோடு உடவத்தகெலே காட்டுக்குள் போகலாம். நகரின் தலைமேலேயே ஏறக்குறைய 100 ஹெக்டேயர் காடு. மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள், அட்டை கடிக்கும். 1821 முதல் இருந்து வரும் பேராதனைப் பூந்தோட்டம் 147 ஏக்கர். மேடு பள்ளம் குறைவு என்பதால் முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அதுவே உகந்தது.

வெளியில் போக வசதியில்லாத வீடுகள்தான் அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். கைக்குழந்தை, படுக்கையில் மாமா, அனுமதி கிடைக்காத வீடு. அவர்களுக்கு ஒரு சேதி. மலைநாட்டில் இருப்பதன் பெரிய பாக்கியம் படிக்கட்டு. நம் வீடுகளில் பாதி, பாதையிலிருந்து நாற்பது ஐம்பது படி ஏறியோ இறங்கியோதான் போக வேண்டும். இதைச் சபித்துக்கொண்டே ஏறுகிறோம். அதையே பத்து நிமிடம், ஒரே சீராக, வேண்டுமென்றே ஏறி இறங்கினால் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. முழங்கால் நோவும் நெஞ்சு நோவும் உள்ளவர்கள் இதைத் தவிருங்கள். படியும் இல்லையென்றால், சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் ஹோலுக்கும் அடுப்படிக்கும் இடையில் நடங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனியைத் தடுக்க அந்தச் சின்ன நடையே நன்றாக உதவும். தனியாக நடந்தால் மூன்றாம் நாள் அலுக்கும். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து நடந்தால், அவர் கதவைத் தட்டுவார் என்பதற்காகவாவது எழும்புவீர்கள்.

"நான் ஐவேளை தொழுகிறேன், அதுவே உடற்பயிற்சிதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. நாளில் ஐந்து தரம் எல்லா வேலையையும் விட்டு எழும்பி நிற்க வைக்கிறது என்பது உண்மை. அந்த ஐந்து இடைவெளியை வைத்துத்தான் நம் நாளை ஒழுங்குபடுத்த முடியும். சுபஹுக்குப் பிறகு நடை, லுஹருக்குப் பிறகு சாய்வு, மஃரிபுக்குப் பிறகு சோறு. ஆனால் நடக்க வேண்டியதை நடந்தே ஆக வேண்டும்.

பகலில் கொஞ்சம் வெயிலும் படட்டும். உடுப்புக் காயப் போடும் இடத்தில், மறைவாக, கை முகத்தில் பத்துப் பதினைந்து நிமிட வெயில். விற்றமின் டி குறைபாடு நம் நாட்டுப் பெண்களிடம் பரவலாகவே காணப்பட்டிருக்கிறது. எலும்பு நோவு, தசைச் சோர்வு என்று சொல்பவர்கள் டொக்டரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

மழைச் சத்தம்

இனி, எழுதலாமா என்று பல நாள் யோசித்த விஷயம்.

அந்தச் சகோதரியின் நாளை எழுதிக்கொண்டிருந்தபோது, "மழை பெய்தா அந்த நாலு மணித்தியாலமும் தூக்கமில்ல" என்றார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மலை சரிந்து வீடுகள் போயின, முழுக் குடும்பங்களே போயின. அவருடைய வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்பக்கத்து மண்மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து குசினிச் சுவரில் மோதியது. அன்றிலிருந்து தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. எழும்பி ஜன்னலில் நிற்கிறார். பிள்ளைகள் மூச்சு விடுகிறார்களா என்று பார்க்கிறார். அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "மற்ற ஆக்கள் வீட்டையே இழந்திட்டாங்க, நான் என்னெண்டு சொல்ற?" என்றார்.

சகோதரிகளே, நம் பகுதிப் பெண்களுக்கு இது முதல் தடவையல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் நடந்த வன்செயலுக்குப் பிறகு, இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! 2020-2021 கொவிட் காலத்தில் ஜனாஸாவை எரித்துவிட்டார்களே என்ற துயரத்தை இன்னும் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். 2024-இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. மகளின் மனம் அதனால் ஆறிவிடுமா? அது முடிந்து 2022-இல் காஸ் வரிசை, பால்மா வரிசை. ஒவ்வொரு முறையும் வீட்டைத் தாங்கியது பெண். அவளிடம் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டது யார்?

பயந்த மனம் உடம்பையும் விடுவதில்லை. பயத்தில் சுரக்கும் நீர்கள் இரத்தச் சீனியையும் பிரஷரையும் ஏற்றுகின்றன. சீனி உள்ளவர்களிடம் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். ஒன்று மற்றொன்றைக் கூட்டி வருகிறது. 312-க்குப் பின்னால் தேத்தண்ணி மட்டும் இருக்கவில்லை, அந்த ஜன்னலும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மழைப் பயத்துக்கு நாங்கள் இருவரும் செய்த முதல் வேலை மருந்தல்ல. பகல் வெளிச்சத்தில், கணவரையும் வைத்துக்கொண்டு ஒரு தீர்மானம் எடுத்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிற அறிவித்தல் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு. செம்மஞ்சள் என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் வெளியேறு. அவர்கள் வீட்டில் இப்போதுள்ள சட்டம் இது: செம்மஞ்சள் வந்தாலே இருட்டு முன் தங்கை வீட்டுக்குப் போவது. போகும் பையில் அடையாள அட்டைகள், மாமியின் மருந்து, டோர்ச், ஒரு மாற்று உடுப்பு. மாதம் ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று இறுகும் கதவு, சாய்ந்த மரம், ஊற்றில் வரும் கலங்கல் தண்ணீர் இருக்கிறதா என்று. இருந்தால் நிறத்துக்குக் காத்திருக்காமல் போவது. அறிவித்தல் இல்லாத இரவில் தூங்குவது. வட்ஸ்அப் குறூப்பில் யாரோ அனுப்பும் குரல் பதிவைக் கேட்டு எழும்புவதில்லை. தீர்மானத்தைப் பகலில் எடுத்துவிட்டால், இரவு ஒரு மணிக்கு மழைச் சத்தத்தோடு அதை எடுக்க வேண்டியதில்லை. அவருக்கு இது உதவியது. முழுவதுமாக அல்ல. ஆனால் ஜன்னலில் நிற்பது குறைந்திருக்கிறது. நெஞ்சு படபடக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடச் சொல்லிக் கொடுத்தேன். பத்துத் தரம். பக்கத்தில் ஒருவரும் அறியாமல் செய்யலாம்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, நாள் முழுக்க மனம் இருண்டிருந்தால், பிடித்த எதிலும் ஆசையில்லாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தரமாவது வந்தால், அது வீட்டில் சரிசெய்யும் விஷயமல்ல. வருத்தம் அது, சீனியைப் போல. டொக்டரிடம் போக வேண்டும். "கண்ணூறு" என்றும் "பொறுமை இல்லை, ஈமான் குறைவு" என்றும் சொல்லி வீட்டுக்குள் வைத்திருப்பது பெரும் அநியாயம். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், துஆ எல்லாருக்கும் வேண்டும். ஆனால் நோய்க்கு மருந்து தேடும்படி சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. மன நோயை அந்தச் சொல்லிலிருந்து யார் விலக்கினார்கள்? கண்டியிலும் பேராதனையிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பிரிவுகள் உண்டு. வெளியே போக முடியாதவர்கள் 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம், தமிழில் பேசலாம். 1974-இல் தொடங்கிய சுமித்ரயோவும் மனம் விட்டுப் பேச வருபவர்களின் சொல்லைக் கேட்டு, வெளியே விடாமல் காத்து வருகிறது.

உங்கள் பெயரில் ஒரு கொப்பி

35 வயது கடந்த பெண்களுக்காக 1996 முதல் நாட்டில் ஒரு கிளினிக் நடக்கிறது. சுகவனிதையர் கிளினிக். நாம் 'வெல் வுமன் கிளினிக்' என்போம். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களில் நடப்பது. சதமும் செலவில்லை. பிரஷர், சீனி, மார்பகப் பரிசோதனை, கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் எந்த நாள் என்று கேட்டால் சொல்வார். வெட்கமாக இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், பெண் உத்தியோகத்தர் இருக்கும் நாளைச் சொல்லித் தருவார். 2011 முதல் ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களும் இருக்கின்றன. அங்கே ஆண்கள் போவது குறைவாம். கணவரையும் கையோடு கூட்டிப் போங்கள்.

நோன்பு பற்றியும் ஒரு சொல். சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் ரமழானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முந்தியே டொக்டரிடம் கேட்க வேண்டும். நோன்பு பிடிக்கலாமா, குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று அவர் சொல்வார். தாமாகவே குளிசையை நிறுத்திவிட்டு நோன்பு பிடிப்பவர்கள் நம்மில் ஏராளம். நோன்போடு விரலில் குத்திப் பார்க்கலாம், அதனால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

அந்தச் சகோதரிக்கு இப்போது குளிசை இருக்கிறது, காலையில் தனக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. மீதம் அல்ல, முதலில் எடுத்து வைப்பது. தேத்தண்ணியில் அரைக் கரண்டி. சுபஹுக்குப் பிறகு மைனியோடு பாலம் வரை நடந்து வருகிறார். மழை நாளில் வீட்டுப் படிக்கட்டு. சென்ற மாதம் வெறும் வயிற்றில் பார்த்தபோது 138. இன்னும் இறங்க வேண்டும். லாச்சியில் மாமியின் கொப்பிக்குப் பக்கத்தில் அவருடைய கொப்பியும் இருக்கிறது. இளைய மகள் அதற்குப் பிறவுண் பேப்பர் சுற்றி, "உம்மா" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். கிளினிக்கில் பெயர் கூப்பிடும்போது அது உதவாது, சொந்தப் பெயரை எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

முழங்கால் நோவு பற்றிக் கம்பளையிலிருந்தும் மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல் சூடு பற்றி மாத்தளையிலிருந்தும் கடிதம் எழுதிய சகோதரிகளுக்கு, இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில்.